மரகதப்புறா மோதாத ஜன்னல்: ஒரு கண்ணாடி வேலைக்காரன் சொல்லும் வழி

சேலத்தில் கண்ணாடி, அலுமினிய வேலை செய்கிறேன். பத்தொன்பது வருடமாக இதுதான் தொழில். ஏற்காட்டில் யார் வீடு கட்டினாலும், "மலை நல்லா தெரியணும், பெரிய கண்ணாடியாப் போடுங்க" என்பார்கள். நானும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அப்படிப் போட்ட ஒரு வீட்டிலிருந்து நான்கு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் போன் வந்தது. பேசியவர் வீட்டுக்காரரின் அம்மா. "தம்பி, நீ மாட்டுன கண்ணாடியில மோதி ஒரு புறா செத்துக் கெடக்குது. இந்த மாசத்துல இது மூணாவது. வந்து ஒரு வழி பண்ணிக் குடு சாமி" என்றார்.

போனேன். ஹால் மூலையில் எட்டடி உயரத்துக்கு நான் பொருத்திய கண்ணாடி. நேரே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார். வெயில் சாய்வாக விழும் அந்தக் கோணத்தில் கண்ணாடி மேல் ஒரு புறா இருந்தது. வெறும் அச்சு. விரித்த இரண்டு சிறகு, அதில் ஒவ்வோர் இறகும் தனித்தனியாக, நடுவில் நெஞ்சு அழுந்திய வட்டம், ஒரு பக்கம் திரும்பிய தலையின் தடம். புறாவின் இறகில் மாவு மாதிரி ஒரு பொடி உண்டு. மோதிய வேகத்தில் அது அப்படியே கண்ணாடியில் ஒட்டிவிடும். பறவையை அவர் வாழையிலையில் கிடத்தி வைத்திருந்தார். பச்சைச் சிறகு, சிவந்த அலகு. மரகதப்புறா. தமிழ்நாட்டின் மாநிலப் பறவை.

என் கையால் துடைத்து, லெவல் பார்த்து, சிலிகான் அடித்து நிறுத்திய கண்ணாடி அது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகு படித்தது, செய்து பார்த்தது, சரியாக வந்தது, வராதது எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன். ஆள் கூப்பிட வேண்டியதில்லை, உங்கள் வீட்டு ஜன்னலுக்கு நீங்களே செய்துகொள்ளலாம். ஆனால் பறவை எப்படிப் பார்த்துப் பறக்கிறது என்று தெரியாமல் எதையாவது ஒட்டினால் காசும் வீண், பறவையும் சாகும். நான் முதலில் செய்தது அதைத்தான்.

கண்ணாடியைத் தொடுவதற்கு முன்னால்

ஒரு வாரம் பறவைகளைப் பாருங்கள். எந்தப் பறவை, எந்த உயரத்தில், எந்தச் சந்து வழியாக வீட்டை நோக்கி வருகிறது என்று தெரிந்தால்தான் எந்தக் கண்ணாடியில் வேலை என்று தெரியும்.

வெறும் கண்ணால் பார்த்தால் போதாது. இப்போது பல போன்களில் ஸ்லோ மோஷன் இருக்கிறது. நொடிக்கு 240 ஃபிரேம், அதாவது 240 படம் வீதம் எடுத்தால் ஒரு நொடி எட்டு நொடியாக நீளும். என் மகளின் போனை வாங்கிக்கொண்டு போய், காப்பிச் செடிகளுக்கு நடுவே உள்ள நடைவழியில் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து, அதன்மேல் செங்கல் வைத்துச் சாய்த்து வைத்தேன். முழங்கால் உயரம்தான் வரும். மரகதப்புறா அந்த உயரத்தில்தான் போகும். மூன்று நாள் ஒன்றும் சிக்கவில்லை. நான்காம் நாள் காலை ஆறே முக்காலுக்கு ஒன்று வந்தது. நேரில் எனக்குத் தெரிந்தது ஒரு பச்சைக் கோடு, அவ்வளவுதான்.

போனில் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். படம் கொஞ்சம் மங்கல், ஆனால் வேண்டியது இருந்தது. காப்பிச் செடிக்கும் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்துக்கும் நடுவே ஒரு சந்து. புறா அதை நெருங்கும்போது உடம்பு ஒருக்களித்து, ஒரு சிறகு தரையைப் பார்க்கிறது, இன்னொன்று வானத்தைப் பார்க்கிறது. தலை மட்டும் சாயவில்லை. குடம் சுமந்து வருகிறவர்களின் இடுப்பு ஆடும், குடம் ஆடாது பாருங்கள், அந்த மாதிரி. சந்துக்குச் சற்று முன்னால் தலை ஒரே வெட்டாகப் புதுத் திசைக்குத் திரும்பியது, உடம்பு அதன் பின்னால்தான் திரும்பியது. நுழையும் கணத்தில் இரண்டு சிறகையும் மடக்கி உடம்போடு சேர்த்துக்கொண்டது. அந்தப் பக்கம் வெளியே வந்ததும் விரித்தது. என் மகள் இதைப் பத்து தடவையாவது திரும்பத் திரும்ப ஓட்டியிருப்பாள்.

தலையை அப்படி நிலையாகப் பிடிப்பது ஏன் என்பதுதான் முக்கியம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ்ஸில் போனால் இருபது கொண்டை ஊசி வளைவு வரும். நேர் ரோட்டில் ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஓரத்துத் தடுப்புச் சுவர் சர்ரென்று பின்னால் ஓடும். நாலு எட்டு தள்ளி இருக்கும் மரம் அதைவிட மெதுவாக நகரும். எதிர் மலை அப்படியே நிற்கும். எது வேகமாக ஓடுகிறதோ அது கிட்டே, எது மெதுவோ அது தூரம். ஓட்டத்தை வைத்தே தூரத்தைச் சொல்லிவிடலாம். பஸ் வளைவில் திரும்பும்போது பாருங்கள், கிட்டே இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒரே சேரச் சுழலும், எது எவ்வளவு தூரம் என்று பிடிபடாது. அதனால்தான் பறவை திரும்புகிற வேலையை ஒரு வெட்டில் முடித்துவிட்டு மற்ற நேரமெல்லாம் தலையை நிறுத்தி வைக்கிறது. ஜெர்மனியில் ஜீப்ரா ஃபிஞ்ச் என்ற சின்னக் குருவியை அதிவேகக் கேமராவில் எடுத்துப் பார்த்து இதையேதான் 2008-இல் எழுதினார்கள்.

இந்த ஓட்டத்தை வைத்துத்தான் பறவை வழி பார்க்கிறது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனில் நடந்தது. நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று கூண்டில் விற்பார்களே, அந்த பட்ஜி கிளிகளை வைத்துச் செய்தார்கள். பெங்களூரில் பொறியியல் படித்துவிட்டுப் போன மாண்டியம் சீனிவாசன் குழுவின் ஆய்வு, 2011-இல் வந்தது. ஒரு நீண்ட நடையின் இரண்டு சுவரிலும் செங்குத்தாகப் பட்டைக் கோடு போட்டார்கள். கிளி நடுவாகப் பறந்தது. கோட்டைப் படுக்கையாக மாற்றினால் வேகம் கூடிவிட்டது. ஒரு சுவரில் செங்குத்து, மறு சுவரில் படுக்கை என்று போட்டால் படுக்கைக் கோட்டுச் சுவரை ஒட்டிப் போனது. படுக்கைக் கோட்டின் வழியே பறக்கும்போது கண்ணில் எதுவும் ஓடாது. ஓடாததைத் தூரம் என்று கிளி எடுத்துக்கொள்கிறது.

எல்லாப் பறவைக்கும் இதே கணக்கு என்று சொல்ல முடியாது. கனடாவில் வான்கூவரில் ஹம்மிங்பேர்டை வைத்து 2016-இல் பார்த்தபோது அது சுவரில் ஓடும் வேகத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. உருவம் கண்ணில் எவ்வளவு உயரமாகத் தெரிகிறது, எப்படிப் பெருக்கிறது என்பதை வைத்துத்தான் ஒதுங்கியது. அதனால் ஒரு ஜன்னலில் எந்தெந்தப் பறவை மோதும் என்று தெரியாதபோது, இரண்டு வகைக்கும் தெரிகிற மாதிரிதான் குறி போட வேண்டும்.

நேரே எதிரில் வருவதற்கு இன்னொரு ஏற்பாடு உண்டு. ஒரு பொருளை நோக்கிப் போனால் அது கண்ணில் பெருத்துக்கொண்டே வரும். மோதப் போகும் கடைசி நேரத்தில் மளமளவென்று பெருக்கும். புறாவின் மூளையில் இதற்கென்றே சில நரம்பணுக்கள் இருப்பதை கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்து 1992-இல் வெளியிட்டார்கள். மோதலுக்கு ஏறக்குறைய ஒரு நொடி இருக்கும்போது அவை விழித்துக்கொள்ளும். பொருள் பெரியதா சின்னதா, வேகமா மெதுவா என்பதெல்லாம் அவற்றுக்குக் கணக்கில்லை. எவ்வளவு நேரம் பாக்கி என்பதுதான் கணக்கு.

புறாவின் கண்கள் தலையின் இரண்டு பக்கத்திலும் இருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும் முன்பகுதி இருபது இருபத்தைந்து டிகிரிதான் வரும். நமக்கு அது நூற்றிருபது. பக்கவாட்டில்தான் அதற்குப் பார்வை அகலம். சில பறவைக்கு இன்னும் மோசம். கிரேன் என்கிற பெருங்கொக்கு, கானமயில் வகைப் பறவைகள் பறக்கும்போது கீழே எங்கே இறங்கலாம் என்று தலையைக் கொஞ்சம் கவிழ்த்தாலே முன்பக்கம் அடியோடு மறைந்துவிடும் என்று இங்கிலாந்தின் கிரஹாம் மார்ட்டின் 2010-இல் காட்டினார். ராஜஸ்தானில் கானமயில்கள் மின்கம்பியில் மோதிச் சாவதற்கு இது ஒரு காரணம்.

இனி, இந்த வழிமுறைக்கே அச்சாணியான விஷயம். அமெரிக்காவில் ஹார்வர்டில் ஆண்ட்ரூ பிவீனரின் ஆய்வகத்தில் ஒரு கூடம் நிறையக் கம்பங்களை நட்டு, மாடப்புறாக்களை அதற்குள் பறக்கவிட்டார்கள். ஒவ்வொரு கம்பமாகப் பார்த்து விலகுவதைவிட, தான் போகும் திசைக்கு நேராக இருக்கும் சந்தைப் பிடித்து அதை நோக்கித் தலையைக் கொடுப்பதுதான் புறாவின் வழக்கம் என்று தெரிந்தது. சந்து குறுகினால் சிறகை மடக்கும், அல்லது மேலே தூக்கிப் பிடிக்கும். லவ் பேர்ட்ஸும் அப்படித்தான், தன் சிறகு விரிப்புக்கு இடம் போதாத சந்தில் மட்டும் சரியாக மடக்கிக்கொள்கின்றன. தன் உடம்பின் அளவு பறவைக்குத் தெரியும். அது தேடுவது சந்தை. உங்கள் ஜன்னல் அதற்கு ஒரு சந்தாகத் தெரிகிறது. நீங்கள் செய்ய வேண்டியது அந்தச் சந்தை அடைப்பது, அதாவது அதன் கண்ணுக்கு அடைப்பது.

கண்ணாடி அதற்கு என்ன காட்டுகிறது

கண்ணாடிக் கடையில் வேலை பழகும்போது முதலில் கற்றுக்கொடுப்பது இது. ரசம் பூசிய கண்ணாடிக்கு முன்னால் நாலடி தள்ளி நின்றால், உங்கள் உருவம் நாலடி உள்ளே தெரியும். ஜன்னலும் அதேதான். வெளியே பத்தடி தள்ளி ஓர் ஆரஞ்சு மரம் இருந்தால், அதன் பிம்பம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பத்தடி உள்ளே நிற்கும். பறவை பறந்து வரும்போது அந்தப் பிம்பம், நிஜமாகவே அங்கே ஒரு மரம் இருந்தால் எந்த வேகத்தில் ஓடுமோ அதே வேகத்தில் ஓடும், எந்த வேகத்தில் பெருக்குமோ அதே வேகத்தில் பெருக்கும். புறாவின் மூளை போடும் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பிம்ப மரத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று சரியாகவே சொல்கிறது. ஆனால் நடுவில் இருக்கும் கண்ணாடிக்கு என்று கண்ணில் எதுவும் ஓடவில்லை, எதுவும் பெருக்கவில்லை. இதை நினைத்துப் பார்த்த அன்றுதான் எனக்கு முழுதாக உறைத்தது. அந்தப் பறவை கவனமாகத்தான் வந்திருக்கிறது.

வெளியே மரம், வானம் தெரியும் கண்ணாடி முதல் ஆபத்து. வெயில் தடுக்கும் ரிஃப்ளெக்டிவ் கிளாஸ் இதில் மிக மோசம். அடுத்தது ஊடுருவித் தெரிவது: மூலையில் இரண்டு கண்ணாடி சேரும் இடம், அல்லது எதிரெதிரே இரண்டு ஜன்னல் இருந்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்து மரம் தெரியும் வீடு. நான் போட்டது அந்த மூலை வகை. கண்ணாடிக்கு உள்ளே செடித்தொட்டி வைத்திருந்தால் அதுவும் பறவைக்கு உட்கார இடமாகத் தெரியும்.

எது ஆபத்து என்று கண்டுபிடிக்க, வெளியே போய் முக்காலி போட்டு உட்காருங்கள். நின்று பார்க்காதீர்கள், பறவை உங்கள் உயரத்தில் வருவதில்லை. காலை ஏழு மணிக்கு ஒருமுறை, மதியம் ஒருமுறை, மாலை நாலு மணிக்கு ஒருமுறை. ஒவ்வொரு ஜன்னலையும் பத்தடி தூரத்திலிருந்து போட்டோ எடுங்கள். போட்டோவில் மரமும் வானமும் தெரியும் கண்ணாடியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வராத பிம்பம் மாலையில் வரும், அதனால்தான் மூன்று தடவை. கூடவே, வெயில் சாய்ந்திருக்கும்போது கண்ணாடியை ஓரத்திலிருந்து பாருங்கள். பொடி அச்சோ, ஒட்டிய சின்ன இறகோ இருந்தால் அங்கே ஏற்கனவே மோதியிருக்கிறது. மோதிய பறவை எல்லாம் கீழேயே கிடக்காது. சில எழுந்து போய் எங்கோ புதரில் சாகும், சிலதைப் பூனை தூக்கிப்போகும்.

பழைய எஸ்டேட் பங்களாக்களில் சின்னச் சின்னச் சதுரமாக மரச்சட்டம் அடித்த ஜன்னல்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் மோதியதாக நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை. வெளிப்பக்கம் நெருக்கமாகக் கம்பி வைத்த ஜன்னலும் அப்படித்தான். கம்பி கண்ணாடிக்கு உள்பக்கம் இருந்தால் பலன் குறைவு, பிம்பம் அதை மறைத்துவிடும்.

புள்ளி வைக்கும் முறை

கோலப் புள்ளிதான். வெளிப்பக்கம், இரண்டு அங்குல இடைவெளி, கால் அங்குல அகலம். மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இதில் எதையும் மாற்றினால் வேலை கெடும்.

வெளிப்பக்கம் ஏனென்றால், பிம்பம் விழுவதே வெளி முகத்தில். உள்ளே ஒட்டினால் பிம்பத்தின் பின்னால் புள்ளி ஒளிந்துகொள்ளும். இரண்டு அங்குலம் ஏனென்றால், தையல்சிட்டு, தேன்சிட்டு மாதிரிக் குட்டிப் பறவைகூட அதற்குள் நுழையலாம் என்று நினைக்காது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் டேனியல் கிளெம் என்பவர் 1970-களிலிருந்து இதையே ஆராய்கிறார். செங்குத்துக் கோடு என்றால் நாலு அங்குலத்துக்கு ஒன்று, படுக்கைக் கோடு என்றால் இரண்டு அங்குலத்துக்கு ஒன்று என்பது அங்கே பல வருடம் சொல்லப்பட்ட கணக்கு. சின்னப் பறவைகளையும் சேர்த்து இப்போது எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் என்கிறார்கள். ஒரு தீப்பெட்டியின் நீளம் ஏறக்குறைய அதுதான். கால் அங்குலம் என்பது ஒரு துவரம்பருப்பு அகலம். அதற்குச் சின்னதாக வைத்தால் பறவைக்குத் தூரத்திலிருந்து தெரியாது. கிட்டே வந்து தெரிந்து பயனில்லை, திரும்ப நேரம் வேண்டும்.

நிறம் வெள்ளை. இருட்டான பிம்பத்தின் மேல் வெள்ளை நன்றாகத் தெரியும். வானம் மட்டுமே பிரதிபலிக்கும் மேல்தளத்து ஜன்னலில் வெள்ளை கரைந்துவிடும், அங்கே ஒரு வரிசை வெள்ளை, ஒரு வரிசை கறுப்பு என்று மாற்றி வைக்கிறேன்.

நாலடிக்கு மூன்றடிக் கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சட்டத்திலிருந்து இரண்டு அங்குலம் விட்டுத் தொடங்கினால் நீளவாட்டில் 23, உயரவாட்டில் 17, ஆக 391 புள்ளி. எண்ணிக்கையைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சார்ட் பேப்பரில் இரண்டு அங்குலக் கட்டம் போட்டு, கட்டக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் பேனாவால் குறி வைத்து, அந்தப் பேப்பரைக் கண்ணாடியின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். குறி வெளியே தெரியும். அதன்மேல் வெளியிலிருந்து ஆயில் பெயிண்ட் மார்க்கரால் வைத்துக்கொண்டே போகலாம். பழகிவிட்டால் முக்கால் மணி நேரம். முதல் வீட்டில் அந்த அம்மாவே பாதி வைத்தார். மார்கழியில் வாசல் நிறையக் கோலம் போடுகிறவரின் கை, எனக்கு வந்ததைவிட நேராக வந்தது.

பெயிண்ட் வைப்பதற்கு முன்னால் கண்ணாடியை நன்றாகக் கழுவுங்கள். சோப்புத் தண்ணீர், அப்புறம் நல்ல தண்ணீர், ரப்பர் வைப்பரால் வழித்துவிட்டு, காய்ந்த பருத்தித் துணி. ஏற்காட்டில் காலையில் பனி பிடிக்கும், கண்ணாடி ஈரமாக இருக்கும்போது வைத்தால் ஒரு மழையில் உரிந்துவிடும். பத்து மணிக்கு மேல் தொடங்குங்கள். நல்ல வெயிலில் சூடேறிய கண்ணாடியிலும் வேண்டாம், மார்க்கர் இழுக்காது.

மாடி ஜன்னலுக்கு மார்க்கர் கஷ்டம். ஸ்டிக்கர் கடையில் வெளிப்புறத்துக்கான வெள்ளை வினைலில் புள்ளிகளைப் பிளாட்டரில் வெட்டித் தரச் சொல்லுங்கள். மேலே ஒட்டும் டேப்போடு தருவார்கள். கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் தெளித்து, ஷீட்டை வைத்து, ஸ்குவீஜியால் (ஸ்டிக்கர் தேய்க்கும் தகடு) நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி, கால் மணி விட்டு டேப்பை மெதுவாக உரித்தால் புள்ளி மட்டும் நிற்கும். உள்வினைல் என்று மலிவாகத் தருவார்கள், வேண்டாம், ஒரே கோடையில் சுருளும்.

ஓரத்தில் விடாதீர்கள். நடுவில் அழகாக வைத்துவிட்டு ஓரம் ஆறு அங்குலம் வெறுமையாக விட்ட ஒரு கண்ணாடியில், சரியாக அந்த ஓரத்தில் ஒரு குக்குறுவான் மோதியது. சந்து தேடும் பறவைக்கு அந்த ஆறு அங்குலம் போதும்.

புள்ளி வேண்டாம், காட்சி கெடும் என்கிறவர்களுக்கு: உள்ளே உட்கார்ந்து மலையைப் பார்க்கும்போது இரண்டு நாளில் புள்ளி கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். அப்படியும் மனம் ஒப்பாவிட்டால் கண்ணாடிக்கு வெளியே, ஒரு சாண் தள்ளி, கொசுவலையை இழுத்துக் கட்டுங்கள். இருப்பதிலேயே மலிவு, பிம்பத்தையும் மங்கச் செய்யும், மோதினாலும் மெத்தை மாதிரித் தாங்கும். வாடகை வீட்டுக்கு இதுதான் என் சிபாரிசு. இன்னொன்று, ஜன்னலுக்கு மேலே ஒரு கம்பி அடித்து அதில் மூன்று மில்லி கறுப்பு நைலான் கயிறுகளை நாலு அங்குலத்துக்கு ஒன்றாகக் கீழ்வரை தொங்கவிடுவது. காற்றில் லேசாக ஆடும், நன்றாகத் தெரியும். கயிறு சிக்கிக்கொள்ளாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய கட்டடத்துக்கும் புள்ளி வேலை செய்கிறது. சிகாகோவில் ஏரிக்கரையில் உள்ள மெக்கார்மிக் பிளேஸ் என்ற கட்டடத்தில் 2023 அக்டோபர் 5 அன்று ஒரே நாளில் கிட்டத்தட்ட ஆயிரம் வலசைப் பறவைகள் மோதிச் செத்தன. அடுத்த வருடம் அந்தக் கண்ணாடிகளில் புள்ளி ஃபிலிம் ஒட்டினார்கள், சாவு மிகவும் குறைந்தது. அமெரிக்கா முழுக்க ஆண்டுக்கு 36 கோடிக்கும் 99 கோடிக்கும் இடையில் பறவைகள் கண்ணாடியில் மோதிச் சாகின்றன என்று 2014-இல் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

நான் முதலில் ஒட்டியது பருந்து ஸ்டிக்கர். கறுப்பாக ஒன்று, கண்ணாடி நடுவில். பறவை பயந்து ஓடும் என்று நினைத்தேன். பத்து நாளில் அதற்கு இரண்டடி பக்கத்தில் இன்னொரு மரகதப்புறாவின் அச்சு. அசையாத பருந்து அதற்குப் பருந்தே இல்லை, சுற்றிப் போக வேண்டிய ஒரு தடை, அவ்வளவுதான். சுற்றிலும் சந்து திறந்தே கிடந்தது. உள்ளே திரை போடுவதும் ஊடுருவித் தெரிவதை மட்டும்தான் நிறுத்தும், பிம்பத்தை நிறுத்தாது. பறவைக்கு மட்டும் தெரியும் என்று விற்கும் புற ஊதா ஸ்டிக்கர்களைப் புறா வரும் இடத்தில் நம்பாதீர்கள். பல சிட்டுகளுக்குத் தெரியும் அளவு புறாவுக்கும் வல்லூறுக்கும் அந்த ஒளி தெரியாது.

பறவைக்குத் தண்ணீர்த் தட்டு வைக்கிறவர்கள் இடத்தை யோசித்து வையுங்கள். ஜன்னலிலிருந்து மூன்றடிக்குள், அல்லது முப்பதடிக்கு அப்பால். மூன்றடிக்குள் இருந்தால் எழும்பும் பறவைக்கு வேகம் பிடித்திருக்காது. பத்துப் பதினைந்து அடி என்பதுதான் கெட்ட தூரம்.

கொண்டைக்குருவி கொத்துகிறதென்றால் அது வேறு

"ஒரு குருவி தினமும் வந்து கண்ணாடியைக் கொத்திக்கிட்டே இருக்குது" என்று பலர் போன் செய்வார்கள். பெரும்பாலும் கொண்டைக்குருவியாகவோ தேன்சிட்டாகவோ இருக்கும். பைக் கண்ணாடியில்கூடச் செய்யும். கூடு கட்டும் காலத்தில் தன் பிம்பத்தை எதிரி என்று நினைத்துச் சண்டை போடுகிறது. இது வழி தவறிய மோதல் இல்லை, சாவதும் அரிது, ஆனால் களைத்துப்போகும். அந்த ஜன்னலுக்கு வெளியே சில வாரம் பேப்பரோ துணியோ மறைத்துக் கட்டுங்கள், பைக் கண்ணாடிக்கு ஒரு பாலிதீன் பை போடுங்கள். கூடு கட்டும் காலம் முடிந்ததும் நின்றுவிடும். இதற்குப் போய்ப் புள்ளி வைத்துப் பலனில்லை, புள்ளிக்கு நடுவே பிம்பத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

அக்டோபர், நவம்பரில் கூடுதல் கவனம் வேண்டும். ஆறுமணிக்குருவி வடக்கிலிருந்து இராத்திரியில் பறந்து வரும் காலம் அது. களைத்து இறங்கி, விளக்கு வெளிச்சத்தில் தடுமாறி வீட்டுக்குள்ளேயே வந்துவிடுவதும் உண்டு. அந்த இரண்டு மாதம் வெளி விளக்குகளைத் தேவையில்லாமல் எரியவிடாதீர்கள், பெரிய ஜன்னலுக்கு இராத்திரியில் திரை இழுத்துவிடுங்கள்.

அந்த முதல் வீட்டில் புள்ளி வைத்து முடித்த பிறகு அதே பெயிண்ட் டப்பாவை வைத்து மறுபடி படம் எடுத்தேன், இந்த முறை கண்ணாடியைப் பார்த்து. எட்டாவது நாள் ஒரு மரகதப்புறா காப்பிச் செடிக்குள்ளிருந்து வெளியே வந்து நேராக ஜன்னலை நோக்கி வருகிறது. ஏழெட்டு அடி இருக்கும்போது தலை வெடுக்கென்று இடது பக்கம் திரும்புகிறது. அப்புறம் சிறகு, அப்புறம் வால் விசிறியாக விரிகிறது. சுவரோரமாகத் திரும்பி, துணி காயப்போடும் கம்பிக்கு அடியில் புகுந்து போய்விட்டது. அந்த வீடியோவை நான் இன்னும் அழிக்கவில்லை.

எவ்வளவு செய்தாலும் எப்போதாவது ஒன்று மோதும். கீழே கிடக்கும் பறவை செத்துவிட்டது என்று உடனே முடிவு செய்யாதீர்கள். ஒரு மெல்லிய துணியைப் போட்டு மெதுவாக எடுத்து, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், கீழே துணி விரித்து வையுங்கள். மூடி, இருட்டும் அமைதியும் உள்ள இடத்தில் வைத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். தூக்கித் தூக்கிப் பார்க்காதீர்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டிக்குள் கால் பிராண்டும் சத்தம் கேட்டால் நல்ல அறிகுறி. சிறகு தொங்கினாலோ, இரண்டு மணி நேரத்தில் தெளியாவிட்டாலோ கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ சொல்லுங்கள். காட்டுப் பறவையை வீட்டில் வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். தெளிந்துவிட்டால், மோதிய ஜன்னலிலிருந்து தள்ளி, வீட்டின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பெட்டியின் வாய் மரங்களைப் பார்க்கும்படி வைத்து, மூடியைத் திறந்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.